சத்தம் எங்கே குறைகிறது

ஜனவரி 9

அன்புள்ள சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சால்டரிங் புகையைக் குடித்தே காலத்தை ஓட்டுகிறாயா என்று எழுது.

சொல்லியிருந்த ஓட்டல் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் சாப்பாட்டுக் கூடத்தின் மேடையில் வாசிக்க வேண்டும். நான்கு பேர் குழு. டிரம்ஸ் வாசிப்பவனை இடி என்று கூப்பிடுகிறோம். அவன் அடிக்கிற அடிக்கு அது அடக்கமான பெயர்தான். கூடத்தின் கோடியில் மிக்ஸர் மேசையைப் போட்டுக்கொண்டு ஒலிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் நான்கு பேர் சத்தமும் அவர் விரல் நுனியில். அவர் வாயைத் திறந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி வியாதிக்கு வருகிறேன். வேலை கிடைத்த தெம்பில் பழைய பெடல் இரண்டு வாங்கினேன். அம்மா கேட்டால், கிட்டாருக்கும் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டி, மிதித்தால் சத்தத்தின் குணம் மாறும் என்று சொல். ஒன்று கம்ப்ரஸர், சத்தத்தைச் சமன்படுத்துவது. இன்னொன்று கரகரப்புச் சேர்ப்பது. இவற்றை மாட்டியதிலிருந்து, தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கிற என் பேஸ் கிட்டார் சோர்ந்துபோய் ஒலிக்கிறது. மிதித்தால் இன்னும் அமுங்குகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நான் மட்டும் கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. ஆம்பை ஏற்றினால் உஸ்ஸென்று இரைகிறது.

ஊரில் இருக்கிற ஆம்பெல்லாம் உன் மேசைக்கு வந்து குணமாகிப் போகின்றன. சொந்த அண்ணனுக்கும் கொஞ்சம் வைத்தியம் சொல், தங்கச்சி. ஃபோனில் வேண்டாம். ஃபோன் கீழ்வீட்டில்தான் இருக்கிறது, அவர்கள் கூடத்தில் நின்று வயரைப் பற்றிப் பேசினால் பாதி மறந்துபோகும். எழுதி அனுப்பினால் ஆம்பின் தலையில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் படியைக் கண்டால் மட்டும் அடம்பிடிக்கிறது. சமதரையில் அவள் என்னைவிட வேகம். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

எந்த ஆம்ப் வந்தாலும் நான் முதலில் செய்வது நடுவில் இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போடுவதுதான். பெடல் இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரே கேபிளில் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகு. சத்தம் நன்றாக வந்தால் கிட்டாரும் ஆம்பும் நிரபராதிகள். அப்புறம் ஒரு பெடலைச் சேர்த்துக் கேள். அடுத்ததைச் சேர்த்துக் கேள். எங்கே சத்தம் விழுகிறதோ அங்கே இருக்கிறான் திருடன்.

பெடலில் லெவல் என்று ஒரு குமிழ் இருக்கும். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவு கேட்கும்வரை அதைத் திருப்பு. கம்ப்ரஸர் என்பது சத்தத்தைத் தலையில் தட்டி உட்காரவைக்கிற பெட்டி. தட்டியதை லெவல் குமிழால் திரும்பத் தூக்கிவிட வேண்டும். பாதிப் பேர் தட்டுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

உன் கிட்டாரின் முதுகில் ஒரு மூடி இருக்கிறது, அதற்குள் ஒரு சதுர பேட்டரி. கடைசியாக எப்போது மாற்றினாய் என்று கேட்டால் நீ விட்டத்தைப் பார்ப்பாய். பேசாமல் மாற்றிவிடு. ஆம்பின் முன்பக்கம் இரண்டு துளைகள் இருக்குமே, அதில் ஒன்று பலமாக வரும் சத்தத்தைக் குறைத்து உள்ளே விடுகிற துளை. பெடல் வழியாக வரும்போது அதில் சொருகாதே, மற்றதில் சொருகு. உடைந்த மாதிரி ஒலித்தால் மட்டும் திரும்பிப் போ.

வயரைப் பற்றி எழுத்திலேயே பேசிக்கொள்ளலாம். அம்மாவோடு சும்மா பேச ஃபோன் செய்யலாமே. உன் குரலைக் கேட்டு நாளாயிற்று என்கிறாள்.

அன்புடன்,
சில்வண்டு

*

பிப்ரவரி 18

அன்புள்ள சில்வண்டுக்கு,

இருவரும் நலம். உங்கள் நலனும் அப்படியே இருக்கட்டும்.

நீ மந்திரவாதி. பேட்டரி செத்து உப்புப் பூத்திருந்தது. குறைக்கிற துளையில்தான் சொருகியிருந்தேன். இரண்டையும் சரிசெய்து, லெவலையும் சமன் செய்து வாசித்த அன்று இடி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் பல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. கிட்டாரின் மேல் கம்பிகள் பரவாயில்லை, அடிக்கம்பி வாசித்தால் எங்கேயோ காணாமல் போகிறது. யாரோ சொன்னார்களென்று பெடலை முன்னாலிருந்து எடுத்து ஆம்பின் பின்பக்கத் துளைகளுக்கு மாற்றினேன். இன்னும் மோசம். ஆம்பை ஏற்றினால் ஒலிக்காரர் அங்கிருந்து கையைத் தரையை நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டுகிறார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறேன். சில பேருக்கு பேஸ் என்றாலே ஆகாது.

ஒரு வேடிக்கை கேள். கூடம் நிறைந்து தட்டும் கரண்டியும் பேச்சுமாக இரையும்போது, பரிமாறுகிறவர்கள் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அவர்கள் பேசுவது அத்தனையும் சுலபமாகக் கேட்கிறது. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி வாய்க்குள்ளேயே பேசுகிறாள். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கத்தி அடக்கிவிட்டு, மிச்சமிருக்கிற குரல்தான் எனக்குப் போலிருக்கிறது.

பின்பக்கத் துளையைப் பற்றி எழுது. அம்மாவுக்கு அன்பு.

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். அம்மா உன் ஃபோனுக்குக் காத்திருந்து, இப்போது அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

உனக்கு அந்த யோசனை சொன்னவரைத் தேடிப் பிடித்து ஒரு கும்பிடு போட்டுவிடு. ஆம்பின் பின்பக்கத் துளைகளில் ஓடுவது பெரிய சத்தம், உன் பெடல்களோ கிட்டாரிலிருந்து வரும் சின்னச் சத்தத்துக்குச் செய்தவை. உள்ளே போகும்போது மூச்சுத் திணறும், வெளியே வரும்போது பலம் போதாது. பழையபடி முன்பக்கமே வை.

இந்த வாரம் ஒருவர் பெரிய ஆம்பை இரண்டு பேரைத் தூக்கவைத்துக் கொண்டுவந்து, சத்தமே வரவில்லை, ஏதோ எரிந்துவிட்டது என்றார். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தது. அவர் முகம் வாடிவிடக் கூடாதென்று, பின்னால் எதையோ திருகுவது போல் கொஞ்ச நேரம் நடித்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். சின்னப் பெட்டியை ஆன் செய்தால் ஒரே சீரான தாழ்ந்த ஒலி வரும். அதைக் கிட்டாருக்குப் பதிலாகச் சொருகு. மற்றது மீட்டர். ஸ்பீக்கர் வயரில் மாட்டினால் முள் எவ்வளவு என்று காட்டும். ஆம்பின் குமிழ்களைத் தொடாமல், பெடல் இல்லாமல் ஒரு தடவை, ஒவ்வொரு பெடலாகச் சேர்த்து ஒரு தடவை, நன்றாகக் கேட்கிற நாளில், குறைவாகக் கேட்கிற நாளில் என்று பார்த்து எழுது. நேற்றுக் கேட்ட சத்தத்தை யாருடைய காதும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முள்ளுக்கு மறதி கிடையாது.

அண்ணிக்கு அன்பு.

சில்வண்டு

*

மார்ச் 29

அன்புள்ள சில்வண்டுக்கு,

நலம். பார்சல் உடையாமல் வந்தது.

உன் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. பெடல் இல்லாமல் முள் ஐந்தில் நிற்கிறது. ஒரு பெடலோடு ஐந்து. இரண்டோடும் ஐந்துக்கு மயிரிழை மேலே. திங்கட்கிழமை ஐந்து, வெள்ளிக்கிழமையும் ஐந்து. வெள்ளிக்கிழமை எனக்குச் சத்தம் கொஞ்சமும் போதவில்லை, ஆனால் முள் நகரவில்லை. எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் வாசித்தோம். எனக்குப் பிடி கிடைக்கவே இல்லை, ஏற்றிக்கொண்டே போனேன். மூன்றாவது பாட்டில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. கிழிந்த காகிதம் படபடத்தது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. இடி குச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "அண்ணே, எனக்கு நெஞ்செல்லாம் அதிருது. இதுக்கு மேல எதுக்கு ஏத்தறீங்க?" என்றான்.

வயர் சுற்றும்போது ஒலிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக நாலு வார்த்தை பேசினார். அதையெல்லாம் எழுதி உன் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேறு ஸ்பீக்கர் போட்டாகிவிட்டது. மீட்டரைத் திருப்பி அனுப்பவா? அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். அம்மா நலம். மாடிப்படிக்குப் பிடிமானக் கம்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதைத் தொடாமல் ஏறிக்காட்டுவது அவளுக்கு இப்போது கௌரவப் பிரச்சினை. ஜன்னல்களுக்குப் புதுத் திரை வாங்கினோம். பச்சை. இன்னும் தைக்கவில்லை.

மீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அனுப்பும் முன் நானே பரிசோதித்தேன். முள் நகரவில்லை என்றால் உன் ஆம்பும் பெடலும் நன்றாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். அது நல்ல செய்திதானே.

புது ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தருகிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம். அந்தச் சின்னப் பெட்டியைப் போட்டுவிட்டு நீயும் அண்ணியும் இடியும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்காருங்கள். மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் குமிழை மெல்ல மெல்லக் குறைக்கட்டும். யாருக்கு ஒலி கேட்பது நிற்கிறதோ அவர் கையை இறக்க வேண்டும். எப்படி இருந்தது என்று எழுது. எப்படி இருந்தாலும் எழுது.

அன்புடன்,
சில்வண்டு

*

ஜூன் 2

அண்ணா,

நலமா? போன கடிதம் வந்ததா? கீழ்வீட்டு எண்ணுக்கு இரண்டு தடவை ஃபோன் செய்தேன். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது தடவை பின்னால் உன் இருமல் கேட்டது.

பெடலைப் பற்றி எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு, போதும்.

சில்வண்டு

*

ஜூன் 14

அன்புள்ள சில்வண்டுக்கு,

உங்கள் அண்ணன் கூப்பிடுகிற பெயரிலேயே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தையின் உடம்பு நன்றாக இருக்கிறதென்று நம்புகிறேன். நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது.

ஏப்ரலில் வந்த உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடியை வரச்சொன்னார். மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மறு கையால் நானே குமிழைத் திருப்பினேன். கொஞ்சம்தான் குறைத்திருப்பேன். ஏதோ அசைந்த மாதிரி இருந்ததால் கண்ணைத் திறந்தேன். இவர் கையை இறக்கியிருந்தார். கை வலித்து இறக்கினார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவரும் கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் திரும்பினார். இடியும் நானும் விடை தெரிந்த பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்னும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கையை இறக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. இவர் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு, காபி சாப்பிடலாமா என்று கேட்டார்.

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. வழக்கம்போலச் சாயங்காலம் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். இடி வீடு தேடி வந்து, அண்ணன் ஏன் வருவதில்லை என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. தொழிற்சாலை விழாவில் ஒலிக்காரர் என்ன சொன்னார் என்பதையும் இடிதான் சொன்னார். "சார், நான் குறை சொல்றதா நினைக்காதீங்க. ஒரு தடவை காதைக் காட்டிருங்க." அவ்வளவுதானாம்.

ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆம்ப் இல்லை, வயர் இல்லை. கிட்டாரின் மேல் வளைவில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கூப்பிட மனம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

மாமாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு, காதில் என்ன இருந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எனக்கு எழுதினாள். அவளைக் கோபித்துக்கொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நீயும் நானும் ஆறு மாதமாகப் பெடலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரலிலேயே எனக்குப் புரிந்தது. எழுத வராமல் திரைச்சீலையைப் பற்றி எழுதினேன். இப்போது எழுதிவிடுகிறேன். அப்பா.

அப்பா பஸ் ஓட்டினார். அந்த எஞ்சின் இரைச்சலில் பின்னாலிருந்து கண்டக்டர் பேசியது அவருக்குக் கேட்டது. வீட்டில் சோற்றுத்தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து நாம் பேசியது கேட்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று நாம் நினைத்தோம். அப்புறம் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். உனக்கு எதைக் கண்டு பயம் என்று எனக்குத் தெரியும். தலையாட்டுகிற அந்த மனிதரைக் கண்டுதான். எனக்கும் அதே பயம்தான்.

இங்கே காது டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன், உன்னைப் பற்றியும் சொன்னேன். இரைச்சலில் நன்றாகக் கேட்கிறது, அமைதியில் கேட்பதில்லை, தாழ்ந்த ஒலிதான் முதலில் போகிறது என்றதும் அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். காதுக்குள் சத்தத்தைக் கடத்துகிற மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். கடைசி எலும்பு அசைய வேண்டும். சில குடும்பங்களில் அது மெல்ல மெல்ல இறுகிப்போகுமாம். தாடையை வைத்து வாசிக்கிறாய் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அது நல்ல விஷயம்மா. எலும்பு வழியா கேக்குதுன்னா உள்ள நரம்பு நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். நேர்ல பாத்துத்தான் உறுதியா சொல்ல முடியும், ஆனா கேக்கறதுக்கு அப்படித்தான் தெரியுது" என்றார்.

புரிகிறதா அண்ணா? நடுவில் இருப்பதைத் தாண்டி நேராகச் சொருகினால் உனக்குச் சத்தம் வருகிறது. உன் ஆம்ப் நன்றாக இருக்கிறது. நடுவில் ஒன்றுதான் சிக்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு மயிரிழைபோல ஒன்றை வைக்க அறுவை சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் நன்றாக வருமாம். எப்போதாவது ஒருவருக்கு அந்தக் காது முழுக்கப் போய்விடுவதும் உண்டாம். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அப்பாவைக் காட்ட அன்றைக்கு நமக்கு இடமும் தெரியவில்லை, வழியும் தெரியவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னதும், "அவன் ஃபோனை விட்டப்பவே எனக்குத் தெரியும். உங்கப்பாவும் முதல்ல அதைத்தான் விட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுப் பச்சைத் திரையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள்.

எழுது அண்ணா.

உன்
சில்வண்டு

*

ஜூலை 17

அன்புள்ள சில்வண்டுக்கு,

உடம்பு நலம், காது நீங்கலாக. எழுதிவிட்டேன் பார். மலையைப் புரட்டுகிற மாதிரி இருக்குமென்று நினைத்தேன். ஒரு வரிதான்.

முள் வெள்ளிக்கிழமையும் ஐந்தில் நின்றபோதே எனக்குத் தெரியும். மீட்டரைத் திட்டி உனக்கு எழுதினேன். நீ திருப்பித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரைச்சீலையைப் பற்றி எழுதியதும்தான் பயந்துபோனேன். நீ சுற்றி வளைக்கிறவள் இல்லையே.

ஆஸ்பத்திரிக்கு உன் அண்ணி கூட வந்தாள். டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்தார். ஏதோ தூரத்தில் ஒலித்தது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். சின்ன வயதில் கேட்ட மாதிரி கேட்டது. நான் அழுதேன் என்று அவள் உனக்கு எழுதினால் நம்பாதே, கண்ணில் தூசி. உன் டாக்டர் சொன்னதேதான். முதலில் வலது காது, ஆகஸ்ட் கடைசியில். அது கெட்டுப்போனாலும் இடதில் மிச்சமிருப்பது மிச்சமிருக்கும் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் பயம் போகவில்லை.

இடி தினமும் வருகிறான். ஓட்டலில் என் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லையாம். எடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்திருப்பது ஒலிக்காரராம்.

ஒன்று கேட்கிறேன். காது டாக்டரிடம் போனாய், என்னைப் பற்றிச் சொன்னாய், அப்பாவைப் பற்றிச் சொன்னாய். உன் காதைக் காட்டாமலா வந்திருப்பாய்? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

அம்மாவிடம், அடுத்த தடவை என் குரலை நேரில் கேட்கலாம் என்று சொல்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நீ கேட்பாய் என்று தெரியும். என் வலது காதில் லேசான தொடக்கம். இடது சுத்தமாக இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார். உனக்கு ஒரு கவலை போதுமே என்று விட்டுவிட்டேன். நம் வீட்டில் இரண்டு காதும் முழுசாக இருப்பது அம்மாவுக்குத்தான். அதனால் இனி அவள் முதுகுக்குப் பின்னால் எதையும் பேச முடியாது.

அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் வந்துவிடுவோம். பெடல் இரண்டையும் எடுத்துவை. அந்தக் கரகரப்புப் பெட்டியின் மிதிக்கும் சுவிட்ச் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிவிடுகிறேன். நீ படுத்திருக்கும்போது என் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

அன்புடன்,
சில்வண்டு

*

அக்டோபர் 19

அன்புள்ள சில்வண்டுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. அம்மா ரயிலில் தூங்கினாளா, நீ கடைக்குப் போய்விட்டாயா? இங்கே நலம். தலைசுற்றல் போய்விட்டது. நாக்கின் ஒரு பக்கம் மட்டும் இன்னும் ஆணியைச் சப்பிய மாதிரி இருக்கிறது. அது தானாகச் சரியாகும் என்கிறார்கள்.

காதிலிருந்து பஞ்சை எடுத்த அன்று நீ இருந்தாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். ஊரே சத்தமாகிவிட்டது. குழாயைத் திறந்தால் கூழாங்கல் கொட்டுகிறது. என் சட்டை உரசுவது எனக்கே கேட்கிறது. நான் இத்தனை நாளும் எல்லோரிடமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. வாய்க்குள் பேசியது உன் அண்ணி இல்லை.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் ஒத்திகைக்குப் போனேன். ஆம்பின் முன்னால் உட்கார்ந்தேன், ஆனால் குமிழைத் தொடக் கை வரவில்லை. எவ்வளவு போதும் என்ற கணக்கே எனக்கு மறந்திருந்தது. ஒலிக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களே வச்சிக் குடுங்க சார், எனக்கு இன்னும் அளவு பிடிபடலை" என்றேன். அவர் எழுந்து வந்து, குமிழை நான் முன்பு வைத்திருந்ததில் பாதிக்கும் கீழே திருப்பினார். அடிக்கம்பியை ஒரு தடவை தட்டினேன். வந்தது, சில்வண்டு. தரையிலிருந்து கிளம்பி வந்தது. இடி குச்சியைத் தூக்கியவன் அடிக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிக்காரர் தன் மேசைக்குப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து மேடைக்கு வரலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இன்னொன்று. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் உன் அண்ணியைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "உங்க முன்னாடியா? வேற ஆளப் பாருங்க" என்பாள். அவளுக்குப் பாட வராது என்றே இருந்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குள் வந்தேன். ஜன்னலோரம் நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்ததைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். மெல்லிய குரல், ஆனால் முழுப் பாட்டு. சரணமெல்லாம் தெரிகிறது. நான் உள்ளே வந்ததும் நிறுத்த வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கே தெரியாமல் என் காது மங்கிவந்த இந்த இரண்டு வருடத்தில், என் பக்கத்தில் இருந்தபடியே பாடப் பழகியிருக்கிறாள். எனக்குக் காது வந்தது அவள் வாய்க்கு இன்னும் எட்டவில்லை.

சுருதி ஒன்றிரண்டு இடத்தில் வழுக்குகிறது. குரல் நான் நினைத்ததைவிடத் தாழ்ந்த குரல். ஒரு வருடம் முன்பு பாடியதில் எனக்கு ஒரு சொல்கூட வந்திருக்காது. பக்கம் திருப்பினால் சத்தம் வருமென்று செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து சட்டை முடிகிறவரைக்கும் பாடினாள்.

நீ அவளுக்கு எழுதும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. அவள் பாட்டு எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் அண்ணன்